அவோமோரி நெபுதாவில் நீங்களும் ஆடலாம்
ஜப்பானின் அவோமோரியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2 முதல் 7 வரை நெபுதா எனும் விளக்குத் தேர் விழா. வேடிக்கை பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ‘ஹனெதோ’ எனும் ஊர்வல ஆட்டக்காரர்களின் உடையை முழுமையாக அணிந்தால் யாரும் ஊர்வலத்தில் ஆடலாம். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். பாதி உடையோடு சேரக் கூடாது. ஒவ்வொரு காலிலும் இரண்டிரண்டு முறை குதிப்பதால் ஜோரி செருப்பு கழன்றுவிடும். துணிப்பட்டையால் பாதத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். உடையிலிருந்து உதிரும் சிறு சலங்கை மணியைத் தெருவில் கண்டெடுத்தால் அதிர்ஷ்டமாம், கீழேயும் பாருங்கள்!

7ஆம் தேதி மட்டும் ஊர்வலம் பகலில். இரவில் விளக்குத் தேர்கள் கடலில் மிதக்கும், வாணவேடிக்கையும் உண்டு. தோக்கியோவிலிருந்து வரும் ஹயபுசா புல்லட் ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். பக்கத்து ஹிரோசாகியிலும் அதே வாரம் விழா என்பதால், அங்கே அறை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.