சிறிய கிளினிக்குகளில் ஸ்பைரோமெட்ரி: தொற்றுப் பரவாமல் நடத்தும் முறை

நுரையீரலின் செயல்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிப் பரிசோதனையில் நோயாளி மூச்சை முழுமையாக உள்ளிழுத்து, இயன்ற அளவு வேகமாகவும் நீளமாகவும் ஊத வேண்டும். ஒருவர் குறைந்தது 3 முறை, தேவைப்பட்டால் 8 முறை வரை ஊதுகிறார். ஊதி முடித்ததும் பலருக்கு இருமல் வந்துவிடுகிறது. ஊதும் மூச்சில் உள்ள கிருமிகளை, மவுத்பீஸுடன் பொருத்தும் ஃபில்டர் (வடிகட்டி) பெருமளவு தடுத்துவிடும்; ஆனால் மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்த பிறகு வரும் இருமலை அது தடுக்காது. ஆகவே, கருவியைத் துடைப்பதில் காட்டும் அக்கறையை நோயாளிகளை வரிசைப்படுத்துவதிலும் அறையின் காற்றோட்டத்திலும் காட்டியே ஆக வேண்டும்.

முதல் தடுப்பு வரவேற்பு மேசையில் தொடங்குகிறது. நேரம் ஒதுக்கும்போதே, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஒன்றுக்கேனும் 'ஆம்' என்ற பதில் வந்தால், அது காசநோயாக இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் தெரிவித்து, சளிப் பரிசோதனையின் முடிவு வரும் வரை ஸ்பைரோமெட்ரியைத் தள்ளிவைப்பதே முறை. அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது. சளிக்காய்ச்சல், கோவிட் போன்றவை இருப்பவர்களும் குணமான பின்பு வரலாம். தள்ளிவைக்கவே முடியாதவரை அன்றைய கடைசி நோயாளியாக வையுங்கள். அதன் பின் கருவியைக் கழற்றிச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் போன்ற எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் காலையின் முதல் நேரத்தை ஒதுக்குங்கள்.

சென்னையின் வெக்கையில் ஜன்னலை மூடி ஸ்பிளிட் ஏ.சி.யை ஓடவிடுவது இயல்பானதுதான். ஆனால் பெரும்பாலான ஸ்பிளிட் ஏ.சி.க்கள் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்ப அனுப்புகின்றன. மின்கட்டணம் சற்றுக் கூடினாலும், ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து, எதிர்ப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியே பரிசோதனையை நடத்த வேண்டும். ஜன்னலே இல்லாத உள்ளறையை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் நுண்துகள்களில் 99 சதவீதம் நீங்குவதற்கு ஏறத்தாழ 23 நிமிடங்களும், 6 முறை மட்டுமே மாறும் அறையில் 46 நிமிடங்களும் ஆகும். இரண்டு நோயாளிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியை இதைக் கொண்டே முடிவு செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று டோக்கன் கொடுப்பது எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரியல்ல. டெக்னீஷியன் நோயாளிக்கு நேரெதிரே நிற்காமல், N95 முகக்கவசம் அணிந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். காற்று அவரைத் தாண்டி நோயாளியை நோக்கியும், அங்கிருந்து வெளியேறும் வழியை நோக்கியும் செல்லுமாறு இருக்கைகளை அமையுங்கள்.

ஃபில்டர் ஒருவருக்கு ஒன்றுதான். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பின் அதே நோயாளி மீண்டும் ஊதும்போது அதையே பயன்படுத்தலாம். அதுவரை பெயர் எழுதிய காகித உறையில் வைத்திருங்கள். மருந்து கொடுத்த பின் காத்திருக்கும் 15 நிமிடங்களை நோயாளி முகக்கவசத்துடன் காற்றோட்டமான வராந்தாவில் கழிப்பது நல்லது. நெபுலைசரைத் தவிர்த்து, இன்ஹேலரையும் அவருக்கென்றே ஒதுக்கிய ஸ்பேசரையும் (இன்ஹேலருடன் இணைக்கும் குழாய்) பயன்படுத்துங்கள். ஒருவழி வால்வு கொண்ட அட்டை மவுத்பீஸ் விலை குறைவு என்பதால் சிலர் அதையே வாங்குகிறார்கள். அதன் வழியாக உள்ளிழுக்க முடியாது என்பதால், உள்மூச்சையும் அளக்கும் பரிசோதனைக்கு அது உதவாது. நோயாளிகளுக்கு ஃபில்டர் பொருத்துவதாக இருந்தால், தினமும் 3 லிட்டர் காற்றைச் செலுத்தும் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்க்கும்போதும் அதே வகை ஃபில்டரைப் பொருத்தியிருக்க வேண்டும். ஏனெனில், ஃபில்டர் காற்றுக்குக் கொடுக்கும் தடை அளவீட்டில் கலந்துவிடக்கூடும்.

டர்பைன் (ஊதும் காற்றில் சுழன்று அதை அளக்கும் பாகம்) போன்ற மறுபயன்பாட்டுப் பாகங்களைக் கருவித் தயாரிப்பாளர் சொல்லும் கரைசலில் மட்டுமே ஊறவையுங்கள். கையில் கிடைத்த பிளீச்சிங் கரைசல் சென்சாரைப் பாழாக்கிவிடலாம். அலசிய பின் முழுவதும் உலர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சென்னையின் ஈரக்காற்றில் இதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும் என்பதால், மாற்று டர்பைன் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. நாற்காலியின் கைப்பிடி, மேசை ஆகியவற்றை ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் டெக்னீஷியன் கைகளைச் சுத்தம் செய்வதோடு, கருவியைத் தொடும் நோயாளியும் அவ்வாறே செய்ய வேண்டும். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன்படி, எச்சில் பட்ட அட்டை மவுத்பீஸையும் டிஷ்யூவையும் மஞ்சள் பையிலும், பிளாஸ்டிக் மவுத்பீஸைச் சிவப்புப் பையிலும் போடுங்கள்.

நோயாளியின் பெயர், அறைக்குள் வந்த நேரம், வெளியேறிய நேரம், உடனிருந்த ஊழியர், கருவியைச் சுத்தம் செய்த நேரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் அன்றன்றே எழுதி வாருங்கள். பரிசோதனைக்கு வந்த ஒருவருக்குச் சில வாரங்கள் கழித்துக் காசநோய் உறுதியானால், அவருக்குப் பின் அந்த அறையில் அமர்ந்தவர்களையும் ஊழியரையும் தேடிக் கண்டு பரிசோதனைக்கு அனுப்ப அந்தப் பதிவேடு தேவைப்படும்.