சென்னை விமான நிலையம்: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பெரிய தவறு. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி போடும் கவுண்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஏறும் வாசலைச் சுமார் 25 நிமிடம் முன்னால் அடைத்துவிடுவார்கள். அதனால்தான் காலை 6 மணி விமானத்துக்கு மெட்ரோவை நம்பக் கூடாது. முதல் வண்டியே 5 மணி வாக்கில்தான். அது சென்ட்ரலிலிருந்து வந்து சேர்வதற்குள் கவுண்டர் மூடியிருக்கும்.

இதைவிட மோசமானது தேதிக் குழப்பம். '15ஆம் தேதி 00.40' என்றால் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். வளைகுடா, சிங்கப்பூர் பக்கம் போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவருக்குப் புது டிக்கெட் வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஊரே 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்' என்கிறது. ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்கினால் நடந்தே களைத்துவிடுவீர்கள். மின்சார ரயிலில் வந்தால் திரிசூலத்தில் இறங்குங்கள், ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்தால் நிலையம். மெட்ரோவிலும் மீனம்பாக்கத்தைத் தாண்டி, கடைசி நிறுத்தமான விமான நிலையம்தான். சென்ட்ரலில் நீல வழித்தட வண்டியில் ஏறுங்கள். பச்சைத் தடத்தில் ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் நான்காவது நிறுத்தம் திரிசூலம்.

உள்நாட்டுப் பயணம் என்றால் டி1, டி4 முனையங்கள் இரண்டில் எது என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டே ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் பன்னாட்டு முனையமான டி2 இருக்கிறது. தப்பான வாசலில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் அடையாள அட்டை கேட்பார்கள். போனில் எடுத்துவைத்த ஆதார் போட்டோ செல்லாது. அசல் அட்டை அல்லது எம்ஆதார் செயலி வேண்டும். நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், சுற்றுலா விசாவில் துபாய் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் இதில் கண்டிப்பு காட்டுகிறது.

பெட்டி அடுக்கும்போது பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். உள்ளே அனுப்பும் பெட்டியில் வைத்தால் ஸ்கேனரில் மாட்டும், பெட்டியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள். 100 வாட்-மணி (அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணிதான். ஆனால் அதன்மேல் அச்சிட்ட அளவு அழிந்துபோயிருந்தால் பறிமுதல் ஆகலாம். கொப்பரைத் தேங்காயைக் கைப்பை, உள்ளே அனுப்பும் பெட்டி இரண்டிலுமே வைக்காதீர்கள். எண்ணெய்ப்பசை அதிகமென்பதால் எளிதில் தீப்பிடிக்கும் பொருளாகவே அதைக் கருதுகிறார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் நெய்யும் ஊறுகாயும் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் போகாது. கசகசா விஷயத்தில் விளையாடவே கூடாது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்றுகூடக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போய்விட்டோம், இனி மைக்கில் கூப்பிடுவார்கள் என்று காபியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். 2023இல் சென்னை 'அமைதி விமான நிலையம்' ஆனது. வாசல் எண் மாறினால் திரையில்தான் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ மாறுகிறவர்கள் குடியேற்றச் சோதனை, சுங்கம் இரண்டையும் சென்னையிலேயே முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். நடுவில் 3 மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள். சென்னையிலேயே இறங்குகிறவர்கள் செயலியில் டாக்சி பதிவு செய்துவிட்டு முனைய வாசலில் காத்திருந்தால் வண்டி அங்கே வராது. பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போய் அங்கே ஏறிக்கொள்ள வேண்டும்.