பெற்றோரை அழைப்பதற்கு முன்: வகுப்பு ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கல்லூரியில் 14 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அவற்றில் 9 ஆண்டுகள், ஒரு வகுப்பு மாணவர்களின் வருகையையும் நலனையும் கவனிக்கும் வகுப்பு ஆலோசகராகவும் இருந்திருக்கிறேன். இப்போது புதிதாகப் பொறுப்பேற்கும் உதவிப் பேராசிரியர்கள் நான் அன்று செய்த தவறுகளையே செய்வதைக் காண்கிறேன். மாணவரை இழிவாகப் பேசக் கூடாது என்பதை அவர்கள் அறிவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளே என் கவலை.

வருகை குறைந்ததும் பெற்றோரை வரவழைப்பது

75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுதுவது சிக்கலாகிவிடும் என்ற பதற்றத்தில், முதலில் வீட்டுக்குத்தான் தொலைபேசுகிறோம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த விடுதி மாணவர் ஒருவர், இரண்டாம் பருவத்தில் காலையின் முதல் இரண்டு பாடவேளைகளுக்கும் வராமல் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவருடைய தந்தையை அழைத்தேன். தறி ஓட்டும் அந்த மனிதர், அன்றைய கூலியை விட்டு இரண்டு பேருந்து மாறி வந்து, மற்ற ஆசிரியர்கள் பார்த்திருக்கக் கைகட்டி நின்று, "நீங்கதான் சார் பாத்துக்கணும்" என்றார். மகன் தலை நிமிரவே இல்லை.

மறுநாளிலிருந்து அவர் எல்லா வகுப்புக்கும் வந்ததால், சிக்கல் தீர்ந்ததாகவே எண்ணினேன். பருவ முடிவில் ஐந்து பாடங்களில் அரியர் விழுந்து, படிப்பையே நிறுத்திவிட்டார். ஆங்கிலத்தில் நடந்த பாடங்களுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் தேடி இரவு மூன்று மணிவரை விழித்திருந்ததையும், காலையில் எழ முடியாமல் மெஸ்ஸில் சிற்றுண்டியைத் தவறவிட்டதையும் பிறகு அறைத்தோழர் சொல்லித்தான் அறிந்தேன். தனியே அமர்த்திப் பத்து நிமிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். தந்தையை அப்படி நிற்க வைத்த பின், என்னிடம் வாய் திறக்க அவருக்கு எப்படி மனம் வரும்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. அவ்வாறு சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசு ஏற்கிறது. ஆனால் வகுப்பறை ஆங்கிலத்தின் சுமையை அவர்கள்தாம் இரவில் தனியாகச் சுமக்கிறார்கள். தாம் தடுமாறுவது வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே அவர்களில் பலருடைய பேரச்சம். அந்த அச்சத்தையே நாம் முதலில் கையிலெடுக்கிறோம் என்பது இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது.

மாணவரிடம் கேட்காமல் வீட்டை அழைக்கக் கூடாது என்பதற்கு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் மட்டும் விலக்கு உண்டு. அப்போது மாணவரைத் தனியே விடாமல் உடனிருந்து, வீட்டாருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிவித்தே ஆக வேண்டும்.

உறக்கமின்மையைச் சோம்பல் என்று எண்ணுவது

பகலில் கற்றது நினைவில் நிலைபெற உறக்கம் தேவை. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமாவது வேண்டும் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒப்படைப்புக்கு இரவு 11.59 வரை கெடு கொடுத்துவிட்டு, மறுநாள் காலை 8 மணிக்குத் தேர்வும் வைக்கும் நாம், முதல் வரிசையில் கண்ணயர்பவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

விளையாட்டு நேரத்தில் சிறப்பு வகுப்பு

வைக்காதீர்கள்.

நாமே மனநல ஆலோசகர் ஆகிவிடுவது

கேட்பது நம் வேலை. சிகிச்சை நம் வேலையன்று. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், எதிரில் அமர்பவர் படிக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.