குறைந்த இருப்புக்கு வங்கி பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

காசிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் செய்வது, ஆன்லைன் விண்ணப்பம் போடுவது எல்லாம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் வருமானம் இல்லாத அந்த நாட்களில் கணக்கில் இருப்பு கரையும். கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் வங்கி அதற்கு ஒரு அபராதத்தை எழுதி வைத்துக்கொள்ளும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்து விழுந்ததும் அந்த அபராதம் முதல் ஆளாகக் கையை நீட்டும். "இன்னாக்கா, எட்டாயிரம்னாங்க, ஏழாயிரத்துச் சொச்சம்தான் கீது" என்று பாஸ்புக்கோடு வந்து நிற்பார்கள். இப்படிப் பிடித்த பணத்தில் ஒரு பகுதி திரும்ப வாங்கக்கூடியது. கேட்காததால்தான் பலருக்கு வருவதில்லை.

முதலில் பாஸ்புக்கை இன்றைய தேதி வரை பிரின்ட் போடுங்கள். மெஷின் ஓடவில்லை என்றால் கவுன்டரில் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அதில் 118, 236, 295, 354, 590 போன்ற தொகைகளைத் தேடுங்கள். இவை 100, 200, 250, 300, 500 ரூபாய்க் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த எண்கள். நீங்கள் யாருக்கும் அனுப்பாமல் இப்படி ஒரு தொகை போயிருந்தால் பெரும்பாலும் அது வங்கி பிடித்த கட்டணம்தான். பக்கத்தில் சுருக்கமாக என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். புரியாவிட்டால் கவுன்டரில் கேட்டு, பென்சிலால் தமிழில் எழுதி வையுங்கள்: குறைந்த இருப்பு, எஸ்எம்எஸ், ஏடிஎம், தவணை திரும்பியது (கடன் தவணை எடுக்க வந்தபோது கணக்கில் பணம் போதவில்லை).

நாம் உறுதியாகப் பேசக்கூடியது குறைந்த இருப்புக் கட்டணத்தில்தான். இதற்கென்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று ஒரு உத்தரவு போட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சொன்ன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் சரிசெய்யாவிட்டால்தான் கட்டணம். அந்தக் கட்டணமும் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். இருநூறு குறைந்த மாதத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறு குறைந்த மாதத்துக்கும் ஒரே தொகை பிடித்திருந்தால் காரணம் கேளுங்கள். இந்தக் கட்டணம் ஒன்றினாலேயே சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் வரவு செலவு செய்யாமல் செயலற்றதாகிப்போன கணக்கில் குறைந்த இருப்புக் கட்டணமே பிடிக்கக் கூடாது. அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் காசு கேட்கக் கூடாது.

எழுதுவதற்கு முன்னால் போனில் பழைய எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். வங்கி சொல்லியிருந்து நாம் பார்க்காமல் விட்டிருந்தால், "தகவலே வரவில்லை" என்று எழுதாதீர்கள். நம்பர் மாறியதை வங்கிக்குச் சொல்லாமல் இருந்தாலும் வாதம் இளைத்துவிடும். அப்படியானால் நிவாரணப் பணத்திலிருந்து போனது என்பதைச் சொல்லித் தள்ளுபடி கேட்கலாம். சில மேலாளர்கள் செய்கிறார்கள்.

கவுன்டரில் சண்டை போடுவதால் ஒன்றும் நடக்காது. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த அதிகாரமே இருக்காது. தாளில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். நான் டைப் செய்துகொடுப்பது இவ்வளவுதான்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கு எண் ____. இதில் ____ தேதியன்று குறைந்த இருப்புக் கட்டணமாக ____ ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. இருப்பு குறைந்தது பற்றி எனக்கு முன்னறிவிப்பு வரவில்லை. அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியையும் எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள் என்பதையும் தெரிவித்து நகல் தரவும். எவ்வளவு இருப்பு குறைந்தது, எந்த விகிதத்தில் கட்டணம் கணக்கிடப்பட்டது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். முன்னறிவிப்பு இல்லையென்றால் ஜிஎஸ்டியோடு முழுத் தொகையையும் என் கணக்கில் திருப்பி வரவு வைக்கவும்."

கீழே கையெழுத்து, தேதி, போன் நம்பர். பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கட்டணம் உள்ள வரியை வட்டமிட்டு இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் கிளையின் சீலும் தேதியும் வாங்குங்கள். இந்தச் சீல்தான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிளைக்கு ஓடிய ஒரு ஆயாவை, "கொடுத்துட்டுப் போம்மா, பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். சீல் இல்லாததால் அவர் புகார் கொடுத்ததற்கே சாட்சி இல்லாமல் போனது. சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் ஆப்பிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ புகார் பதிந்தால் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பி வந்தால் ஜிஎஸ்டியும் சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். 236 பிடித்துவிட்டு 200 மட்டும் போட்டிருந்தால் மீதி 36-ஐயும் கேளுங்கள்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயிலிருந்து பிடித்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதே சில வங்கிகள் அந்தப் பணத்தைக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டன. அப்படி எடுக்கக் கூடாது என்று அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வெளிப்படையாகச் சொன்னார். தமிழக அரசின் 1100 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வங்கிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தவணை திரும்பியதற்கான கட்டணம் வேறு விஷயம். அதன் தொகையை வங்கியே முடிவு செய்கிறது. கட்டணப் பட்டியலில் இருந்தால் வாதாட இடம் குறைவு. ஆனால் கடன் கொடுத்தவர் ஒரே தவணைக்குத் திரும்பத் திரும்ப முயன்று, ஒவ்வொரு முறைக்கும் வங்கி தனித்தனியாகப் பிடித்திருந்தால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் பதியலாம். இதற்காக ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக்கு அலைய வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் 14448-இல் தமிழிலேயே கேட்கலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் சீலும் இங்கேதான் கை கொடுக்கும். முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்காமல் நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பது நாள் முடிந்ததும் தாமதிக்காமல் பதியுங்கள். அதற்கும் கெடு உண்டு.

இதற்கெல்லாம் நடுவில் கணக்கையே மாற்றிக்கொள்வது பற்றியும் யோசியுங்கள். ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குக்குக் குறைந்த இருப்புக் கட்டணத்தை நிறுத்திவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025-இல் நிறுத்தின. உங்கள் வங்கி இன்னும் பிடிக்கிறது என்றால், இருக்கும் கணக்கையே அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய கட்டாயமே கிடையாது, ஏடிஎம் கார்டும் இலவசம். மாதத்தில் நான்கு முறை பணம் எடுப்பது வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் எப்படி என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே வங்கியில் உங்கள் பெயரில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை மூடச் சொல்வார்கள். அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே, மார்ச்சுக்குள், இதைச் செய்துவிடுங்கள்.