டெட்ராய்ட் பக்கம் முதல் கார் வாங்கும் முன்

மிச்சிகனுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் மாதத்திலேயே கார் தேவைப்பட்டுவிடும். ட்ராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று நம் ஆட்கள் குடியிருக்கும் ஊர்களில் பஸ்ஸை மட்டும் நம்பி அலுவலகம் போய்வருவது சிரமம். அதனால் யாரைச் சந்தித்தாலும் "என்ன கார் எடுக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "கண்ணை மூடிக்கிட்டு கேம்ரியோ அக்கார்டோ எடுத்துடுங்க. அமெரிக்கன் கார் மட்டும் வேண்டாம், ஒரு லட்சம் மைலுக்கு அப்புறம் செலவு வெச்சுக்கிட்டே இருக்கும்." அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் மிச்சிகன்காரரோ, தன் அப்பா ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர் என்றும், தங்கள் வீட்டு வாசலில் இதுவரை வெளிநாட்டு கார் நின்றதே இல்லை என்றும் சொல்வார்.

இரண்டு பேரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் பேசுவது ஒரு கம்பெனியின் பெயரைப் பற்றி. நீங்கள் பணம் கொடுக்கப்போவது ஒரு குறிப்பிட்ட வருடத்தில், ஒரு குறிப்பிட்ட ஆலையில் செய்த ஒரே ஒரு காருக்கு. அதற்காக அந்தப் பேச்சை ஒதுக்கிவிடவும் முடியாது. பெயரைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறதோ அதுதான் இங்கே விலையாகிறது. அது எப்படி என்று புரிந்துகொண்டால் சில ஆயிரம் டாலர் மிச்சம் பிடிக்கலாம்.

கெட்ட பெயர் வந்த கதை

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. (இங்கே அதை கேஸ் என்பார்கள், கேஸ் ஸ்டேஷன் என்றால் பெட்ரோல் பங்க்.) அதுவரை நீளமான, கனமான கார்களைச் செய்துகொண்டிருந்த டெட்ராய்ட் கம்பெனிகளிடம் (ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஜிஎம், கிரைஸ்லர்) நம்பி வாங்கக்கூடிய நல்ல சின்ன கார் இல்லை. ஜிஎம்மின் ஷெவர்லே வேகா இருந்தது. அதன் அலுமினிய என்ஜின் சூடேறிப் பழுதானது, உடம்பு சீக்கிரம் துருப்பிடித்தது. ஃபோர்டின் பின்டோவைப் பின்னாலிருந்து இடித்தால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால், 1978இல் அதையும் அதன் கூடப்பிறந்த மெர்க்குரி பாப்கேட்டையும் சேர்த்து சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே நேரத்தில் ஹோண்டா சிவிக்கும் டொயோட்டா கொரோலாவும் குறைந்த பெட்ரோலில், தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அன்று ஏமாந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பிள்ளைகள் அடுத்த தலைமுறைக்குச் சொன்னார்கள். நம் ஆட்கள் இங்கே வந்து கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

1981இல் ஜப்பான் தன் கார் ஏற்றுமதிக்குத் தானே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி வந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் இங்கேயே ஆலை கட்டின. ஹோண்டா 1982இல் ஒஹையோவில் அக்கார்டு செய்ய ஆரம்பித்தது. 1983இல் நிஸ்ஸான் டென்னசிக்கு வந்தது. 1988இல் டொயோட்டா கென்டக்கியில் கேம்ரி செய்ய ஆரம்பித்தது.

ஒரே ஆலை, இரண்டு பெயர்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கைக்கும், தொழிலாளர் நிர்வாகச் சண்டைக்கும் பேர்போன இடம். 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டு சேர்ந்து அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதேதான். மாறியது வேலை முறை. கோளாறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற டொயோட்டா வழக்கம் அங்கே வந்தது. சீக்கிரத்திலேயே தரமான கார்கள் வெளிவரத் தொடங்கின.

அந்த ஆலையிலிருந்து டொயோட்டா கொரோலாவும், ஜிஎம் தரப்பில் ஜியோ ப்ரிஸமும் வந்தன. அடிப்படையில் இரண்டும் ஒரே கார்தான்: அதே என்ஜின், அதே ஆட்கள், அதே கூரை. வெளித்தோற்றத்திலும் பேட்ஜிலும்தான் வித்தியாசம். ஆனாலும் பழைய கார் சந்தையில் கொரோலாவுக்குக் கிடைத்த விலை ப்ரிஸமுக்குக் கிடைக்கவில்லை. ஜிஎம் கார் என்றாலே மக்கள் தள்ளிப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ப்ரிஸத்தைத் தேடிப்பிடித்து, கொரோலாவைக் குறைந்த விலையில் ஓட்டினார்கள். 2010இல் நும்மி மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் டெஸ்லா ஆலை இருக்கிறது.

அப்படி அச்சாக ஒரே காராக இன்று கிடைப்பது அரிது. ஆனாலும் பெயருக்காக எவ்வளவு கூடக் கொடுக்கிறோம், காருக்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் ப்ரிஸம் வாங்கியவர்களுக்குக் கிடைத்த லாபத்தில் ஒரு பங்காவது உங்களுக்கும் கிடைக்கும்.

எது அமெரிக்கன் கார்?

கேம்ரி கென்டக்கியில் தயாராகிறது. டொயோட்டா சியன்னா மினிவேன் இந்தியானாவில், ஹோண்டா ஒடிசி அலபாமாவில். மறுபக்கம், ஃபோர்டு மேவரிக்கும் ப்ரான்கோ ஸ்போர்ட்டும் மெக்சிகோவிலிருந்து வருகின்றன. இப்போதைய ஷெவர்லே ட்ராக்ஸ் தென்கொரியாவிலிருந்து. ஜீப்பும் டாட்ஜும் வைத்திருக்கும் ஸ்டெலான்டிஸின் தலைமையகமே நெதர்லாந்தில்தான். புது கார் என்றால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்த ஊரில் பூட்டினார்கள், என்ஜினும் கியர்பாக்ஸும் எந்த நாடு என்றெல்லாம் போட்டிருக்கும். சட்டப்படி போட்டாக வேண்டும். பழைய கார் என்றால் வின் எண்ணின் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) முதல் எழுத்தைப் பாருங்கள்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான், கே கொரியா.

ஊரிலிருந்து கொண்டுவந்த அபிப்பிராயம்

சென்னையிலிருந்து வருகிறவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை ஓடிய காலத்தில் ஐகானும் ஃபிகோவும் ஓட்டியவர்கள் "வண்டி கெட்டி, ஆனா பார்ட்ஸ் விலை ஜாஸ்தி" என்பார்கள். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்த கசப்பும் சிலருக்கு உண்டு. இங்கே இரண்டுமே பொருந்தாது. ஃபோர்டு, ஷெவர்லே உதிரி பாகங்கள் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். அவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரியாத மெக்கானிக் இந்தப் பக்கம் கிடையாது.

ஹூண்டாய் விஷயம் நேர் எதிர். சான்ட்ரோ காலத்திலிருந்தே நமக்கு அது நன்றாகப் பழகிய பெயர். அமெரிக்காவில் 1986இல் எக்ஸெல் காருடன் நுழைந்து, மலிவு என்ற பெயரையும் தரமில்லை என்ற பெயரையும் சேர்த்தே வாங்கியது. 1998இல் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி என்று அறிவித்துத்தான் அந்தப் பெயரை மாற்ற ஆரம்பித்தது. ஆனால் அந்த முழு வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். பழைய காராக வாங்கும் உங்களுக்குச் சாதாரணமாக 5 வருடம், 60,000 மைல்தான். இன்னொன்றும் உண்டு. 2011 முதல் 2021 வரையிலான ஹூண்டாய், கியா மாடல்களில், சாவி போட்டுத் திருகும் வகையில் பலவற்றுக்குத் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இல்லை. 2022 முதல் அவை ஏராளமாகத் திருடு போயின. சில ஊர்களில் இன்சூரன்ஸ் தரவே மறுத்தார்கள். வாங்குமுன் வின் எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ் தொகை எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். மிச்சிகனில் இன்சூரன்ஸ் ஏற்கெனவே அதிகம்.

மாடலையும் வருடத்தையும் பாருங்கள்

அமெரிக்கன் கார்மீது சொல்லப்படும் புகார்களில் உண்மை இருக்கிறது. 2012 மாடல் முதல் வந்த ஃபோர்டு ஃபோகஸ், அதே காலத்து ஃபியஸ்டா இரண்டிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறியது, வழக்கு வரை போனது. பார்ப்பதற்கு அழகாக, விலை குறைவாக, புதிதாக வந்தவர்களின் கண்ணில் முதலில் படும் கார் அதுதான். ஆட்டோமேட்டிக் என்றால் தொடாதீர்கள். 2014இல் ஜிஎம் பழுதான இக்னிஷன் ஸ்விட்சுக்காக உலகம் முழுவதும் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தப் பழுதால் 124 பேர் இறந்ததற்கு இழப்பீடு கொடுத்தது. ஆனால் ஜப்பான் பெயர் இருந்தாலே கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதும் சரியில்லை. சிவிடி என்ற, கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்த பழைய நிஸ்ஸான்கள் பலரை அலைக்கழித்திருக்கின்றன.

பிக்கப் ட்ரக் பக்கம் போனால் நிலைமையே வேறு. ஃபோர்டு எஃப் சீரிஸ் பல பத்தாண்டுகளாக நாட்டில் அதிகம் விற்கும் வண்டி. இறக்குமதி ட்ரக்குகளுக்கு 1964 முதல் 25 சதவீத வரி இருப்பதால் டெட்ராய்ட் அங்கே அதிகப் போட்டியில்லாமல் வளர்ந்தது, லாபத்தையும் அங்கேயே போட்டது. செடானை மெல்லக் கைவிட்டது. ஃபோர்டு ஃப்யூஷன் 2020இலும், ஷெவர்லே மாலிபு 2024இலும் நின்றன. அதனால் இவற்றைப் பழைய காராகத்தான் வாங்க முடியும்.

அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தளத்தில் வின் எண்ணைப் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால் (பழுதைச் சரிசெய்யக் கம்பெனி காரைத் திரும்ப அழைப்பது) தெரியும்; அந்த வேலையை டீலர் இலவசமாகச் செய்து தருவார். மிச்சிகனில் வருடாந்தரக் கார் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. ரோட்டில் ஓடுகிறது என்பதால் நல்ல வண்டி என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் கொட்டும் உப்பு அடிப்பக்கத்தை அரித்துவிடும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், தூக்கி வைத்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தடுப்பவரிடம் கார் வாங்காதீர்கள்.

விசாவும் ரீசேலும்

இந்த நாட்டுக்காரருக்கு இல்லாத ஒரு கேள்வி நமக்கு உண்டு: இன்னும் எத்தனை வருடம் இங்கே இருப்போம்? மூன்று வருடத்தில் கிளம்ப வேண்டி வந்தால் காரை அவசரமாக விற்க வேண்டும். அப்போது வாங்குபவர் மனதில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்போ அதுதான் கிடைக்கும். டொயோட்டா, ஹோண்டா எடுக்கச் சொல்பவர்களின் வலுவான வாதம் இதுதான்.

ஆனால் அந்த வாதம் புது காருக்குத்தான் முழுதாகப் பொருந்தும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மூன்று வயதான ஜப்பானியச் செடான் 22,000 டாலர், அதே வயதில் அமெரிக்கன் செடான் 16,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து முதலாவது 16,000க்கும் இரண்டாவது 10,500க்கும் போனால், நஷ்டம் 6,000, 5,500. பெரிய வீழ்ச்சியை முதல் உரிமையாளரே தாங்கிவிட்டார். இதோடு 6 சதவீத விற்பனை வரியும் விலையைப் பொறுத்தே வரும். கிரெடிட் வரலாறு இல்லாத புதியவருக்கு லோன் வட்டி அதிகம்; 22,000க்கு வட்டி கட்டுவதும் 16,000க்குக் கட்டுவதும் ஒன்றல்ல. மிச்சமாகும் ஆறாயிரத்தில் இரண்டாயிரத்தை ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்து வைத்தாலும் கையில் பணம் இருக்கும். வந்த புதிதில் வீட்டு அட்வான்ஸ், சாமான் என்று செலவுகள் வரிசையாக நிற்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு ரீசேல் பெரிதில்லை. ரிப்பேர் வரலாறுதான் பெரிது. அவர் புது கேம்ரி எடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

இந்த ஊரின் மனசு

டெட்ராய்டில் கார் விஷயம் சோற்று விஷயம். ஆலை மூடினால் ஊரே காலியாகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். ஜப்பான்மீது கோபம் கொதித்த 1982இல் வின்சென்ட் சின் என்ற 27 வயதுச் சீன அமெரிக்கரை, கிரைஸ்லர் மேற்பார்வையாளர் ஒருவரும் அவர் மனைவியின் மகனும் சேர்ந்து தாக்கினார்கள். பேஸ்பால் மட்டையால் அடிபட்டு அவர் இறந்தார். கொன்றவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை; நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும்தான். ஆசிய முகத்தோடு இங்கே வாழ வருகிற நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்று அந்தச் சூழல் இல்லை. அலுவலகப் பார்க்கிங்கில் எல்லா நாட்டுக் கார்களும் நிற்கின்றன. ஆனாலும் ஃபோர்டிலோ ஜிஎம்மிலோ ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், சில வளாகங்களில் வேறு கம்பெனிக் காரைத் தள்ளித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே வேலையில் ஒரு வசதியும் உண்டு. ஊழியர்களின் நண்பர்களுக்கும், சப்ளையர் கம்பெனியில் இருப்பவர்களுக்கும் தள்ளுபடித் திட்டங்கள் இருக்கின்றன. ஃபோர்டில் அதை எக்ஸ் பிளான் என்பார்கள். விலை முன்பே நிர்ணயமாகியிருக்கும் என்பதால், இங்கே பேரம் பேசிப் பழகாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. நண்பராக வாங்கினால் அதற்கான பின் (PIN) எண்ணை அந்த ஊழியர்தான் எடுத்துத் தர வேண்டும், அதற்கு வருடத்துக்கு இத்தனை என்று வரம்பும் உண்டு. டீலரிடம் போவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.