ஈவ் ஆன்லைன் கற்றுத்தந்தவை: குழுவாக இயங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈவ் ஆன்லைன் ஒரு விண்வெளி கேம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி கேம்ஸ் நிறுவனம் 2003 மே 6 அன்று இதை வெளியிட்டது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர். மற்ற எல்லோரும் ஒரே சர்வரில், ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். இங்கே கப்பல் வெடித்தால் வெடித்ததுதான், திரும்ப வராது. கேமுக்குள் ஏமாற்றலாம், உளவு பார்க்கலாம், கூடவே இருந்து குழி பறிக்கலாம். விதிகள் அதைத் தடுப்பதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பல வருடங்கள் இருந்தால் மனிதர்கள் எப்படிச் சேர்கிறார்கள், எதனால் பிரிகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். ஆட்டக்காரர்கள் சேர்ந்து கார்ப்பரேஷன் அமைக்கிறார்கள், சுருக்கமாக கார்ப். பல கார்ப்கள் சேர்ந்தால் அலையன்ஸ். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் அலையன்ஸ்களும் உண்டு. அவற்றில் வரலாறாகிப்போன பெரிய வீழ்ச்சிகளை எடுத்துப் பார்த்தால், பலவற்றின் தொடக்கம் எதிரியின் பீரங்கியில் இல்லை. யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்ட வேலை, யாரும் கேட்காமல் விட்ட கேள்வி, இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், சின்ன கம்பெனி என எதை நடத்துபவருக்கும் இது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இழந்தால் எழ முடியாததைப் பணயம் வைப்பது

புதிதாக வருபவருக்கு இங்கே சொல்லப்படும் முதல் பாடம்: இழந்தால் இன்னொன்று வாங்க முடியாத கப்பலில் ஏறாதே. எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் வாரக்கணக்கில் சுரங்க வேலை பார்த்து, சேர்த்த இஸ்க் முழுவதையும் (இங்கே புழங்கும் பணம் அது) ஒரு பளபளப்பான பேட்டில்ஷிப்பில் போட்டுவிட்டு, மறுநாளே அதை இழந்து கேமை விட்டே போய்விடுவார்கள்.

கப்பல் போனதைவிட, அடுத்த கப்பலுக்கு வழியில்லாமல் போவதுதான் ஆளை முடக்குகிறது. சேமிப்பு முழுவதையும் ஒரே தொழிலில், ஒரே நிலத்தில் போடுபவருக்கும் இதே கதிதான். நஷ்டம் வரும் என்று முன்பே கணக்குப் போட்டவர் நஷ்டத்துக்குப் பிறகும் நிதானமாக யோசிப்பார். நல்ல கார்ப்களில் குழுவுக்காகச் சண்டையிட்டு இழந்த கப்பலுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஈடு கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாடு இருக்கும் இடத்தில் ஆட்கள் துணிந்து முன்னால் போவார்கள். இல்லாத இடத்தில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிப் பின்னால் நிற்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பல் வெடித்ததும் கில்மெயில் என்று ஒரு குறிப்பு உருவாகும். என்ன கப்பல், என்னென்ன கருவிகள் பூட்டியிருந்தன, யார் யார் சுட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வெட்கப்பட்டு அதை மறைப்பவர் அதே இடத்தில் மறுபடி மாட்டுகிறார். குழுவில் போட்டு, 'என்ன செய்திருக்கலாம்?' என்று கேட்பவர் சில மாதங்களில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார்.

'தயாரான பிறகு சேர்கிறேன்' என்று காத்திருப்பது

ஈவில் திறமைகள் பெரும்பாலும் நிஜ நேரத்தில்தான் வளரும். நீங்கள் தூங்கும்போதும் வளரும், ஆனால் நிறைய இஸ்க் செலவழிக்காமல் அவசரப்படுத்த முடியாது. அதனால் பலர் 'இன்னும் ஆறு மாதம் போகட்டும், பெரிய கப்பல் ஓட்டத் தெரிந்ததும் கார்ப்பில் சேரலாம்' என்று தனியாகவே சுற்றுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குள் சலித்துப்போய் விலகிவிடுகிறார்கள்.

உண்மையில், சேர்ந்து சில நாட்களே ஆன ஒருவர் மிக மலிவான ஃப்ரிகேட்டில் வந்து, எதிரியின் பேட்டில்ஷிப் தப்பி ஓடாமல் பிடித்து வைக்கலாம். அந்த வேலைக்கு டாக்கிள் என்று பெயர். அந்தச் சின்னக் கப்பல் இல்லாவிட்டால் பின்னால் வரும் பெரிய கப்பல்களுக்குச் சுடுவதற்கு ஆளே இருக்காது. வேலையில், படிப்பில், பொது வாழ்க்கையிலும் புதியவர்கள் இப்படித்தான் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே வாருங்கள். முதல் நாளில் செய்ய முடிந்த வேலை ஒன்று எந்தக் குழுவிலும் இருக்கும். அப்படி ஒன்றைத் தரத் தெரியாத குழுவில் சேராமல் இருப்பதே மேல்.

எல்லாச் சாவியையும் ஒரே கையில் கொடுப்பது

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2009 பிப்ரவரி. அப்போது ஈவின் மிகப் பலம்வாய்ந்த அலையன்ஸ்களில் ஒன்று பேண்ட் ஆஃப் பிரதர்ஸ். அதன் முக்கிய எதிரி கூன்ஸ்வார்ம். பேண்ட் ஆஃப் பிரதர்ஸின் டைரக்டர்களில் ஒருவர் கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்தார். அலையன்ஸையே கலைக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. வாக்கெடுப்பு தேவையில்லை, இன்னொருவர் ஒப்புதலும் தேவையில்லை. அலையன்ஸ் கலைந்தது, அதோடு பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த நிலத்தின் (தங்கள் வசம் வைத்திருந்த விண்வெளிப் பகுதிகளின்) மீதான உரிமையும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் ஒரே இரவில் போயின. எதிரி ஒரு குண்டுகூடச் சுட வேண்டியிருக்கவில்லை.

இதைச் சாதித்த கூன்ஸ்வார்ம் பாடம் கற்றிருக்க வேண்டும் அல்லவா? அடுத்த ஆண்டே, 2010-ல், நிலத்துக்கான பராமரிப்புக் கட்டணம் கட்டப்படாமல் அவர்கள் பிடித்து வைத்திருந்த பகுதி கைவிட்டுப் போனது. அந்தக் குழப்பத்தில் தலைவரே பொதுச் சொத்தை எடுத்துக்கொண்டு அலையன்ஸைக் கலைத்தார். மீதி இருந்தவர்கள் வேறு பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, 2014 ஜனவரி 27. பி-ஆர்5ஆர்பி என்ற சூரிய மண்டலத்தை ஒரு கூட்டணி தன் போர்த்தளமாக வைத்திருந்தது. அந்த மண்டலத்துக்கான கட்டணம் போய்ச் சேரவில்லை. உரிமை காலாவதியானது. எதிரணி உடனே உள்ளே நுழைந்தது. ஏறக்குறைய 21 மணி நேரம் நடந்த சண்டையில், கட்டி முடிக்கவே பல மாதங்கள் பிடிக்கும் டைட்டன் வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பண மதிப்பில் இழப்பு சுமார் 3 லட்சம் டாலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஒரு சாதாரண பில்லில் தொடங்கியது இது.

இந்தக் கதைகளைக் கேட்டதும் பலர் எடுத்துக்கொள்ளும் பாடம் 'யாரையும் நம்பாதே' என்பது. அது தவறான பாடம். யாரையும் நம்பாத கார்ப்களையும் பார்த்திருக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு கிடங்குகூடத் திறக்க மாட்டார்கள்; எதற்கும் தலைவர் ஆன்லைனில் வர வேண்டும்; ஆட்கள் ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் தலைவர் மட்டும் இருப்பார். நம்பிக்கையை அளந்து கொடுப்பதுதான் வழி. ஈவில் கார்ப்பின் கிடங்கு தனித்தனிப் பிரிவுகளாக இருக்கிறது, யார் எதைத் திறக்கலாம் என்று பிரித்து வைக்கலாம். முதலில் மலிவான பொருட்கள் இருக்கும் பிரிவைத் திறந்துவிடுங்கள். போனாலும் பெரிய நஷ்டமில்லை. அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்து அடுத்ததைத் திறக்கலாம்.

கலைப்பது, மொத்தப் பணத்தையும் எடுப்பது போன்ற அதிகாரங்கள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். ஆறு மாதமாக வராதவரிடம் இன்னும் சாவி இருக்கிறதா? பில் கட்டுபவர் காய்ச்சலில் படுத்தால் வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? உங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கு, கம்பெனியின் இணையதள பாஸ்வேர்டு, குடும்பத்தின் இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாவற்றுக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தலைவரே முன்னால் நின்று காட்ட வேண்டும்: தன் கணக்கை முதலில் தானே திறந்து வைக்க வேண்டும்.

வட்டியில் மயங்குவது

ஜிட்டா என்பது ஈவின் மிகப் பெரிய சந்தை இருக்கும் மண்டலம். அங்கே சாட்டில் 'எனக்கு இஸ்க் அனுப்புங்கள், இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்று எப்போதும் யாராவது கூவிக்கொண்டிருப்பார்கள். சின்னத் தொகை அனுப்பினால் சில சமயம் நிஜமாகவே இரட்டிப்பாகத் திரும்ப வரும். பெரிய தொகை வராது. 2011-ல் இதையே பெரிய அளவில் இருவர் நடத்தினார்கள். வாராவாரம் வட்டி தருவதாகச் சொன்ன அவர்களது முதலீட்டுத் திட்டம் சுமார் ஒரு லட்சம் கோடி இஸ்க்கோடு மூடப்பட்டது. பழைய ஆட்களுக்குப் புதிய ஆட்களின் பணத்தைக் கொடுத்து வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டவர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2009-ல் ஈபேங்க் என்ற ஆட்டக்காரர் வங்கிக்கு நேர்ந்தது. அதை நடத்தியவர் சுமார் 20,000 கோடி இஸ்க்கை எடுத்து நிஜப் பணத்துக்கு விற்றார். வீட்டுக்கான முன்பணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் தேவைப்பட்டது என்றார். விஷயம் தெரிந்ததும் பணம் போட்டவர்கள் திரும்ப எடுக்க அலைமோதினார்கள். கேம் நிறுவனம் அவரைத் தடை செய்தது, ஆனால் திருட்டுக்காக இல்லை. நிஜப் பணத்துக்கு விற்றதற்காக. முதல் நாளே திருடும் எண்ணத்தோடு வந்தவராக எனக்கு அவர் தோன்றவில்லை. நெருக்கடியில் இருந்த ஒருவர் பக்கத்தில் பெரும் பணமும் இருந்தது, தணிக்கை பார்க்க யாரும் இல்லை. 'நல்ல மனுஷன், அதனால் கணக்குப் பார்க்க வேண்டாம்' என்று விடுவது அந்த நல்ல மனிதருக்கும் செய்யும் தீங்கு.

திரைக்கு அந்தப் பக்கம் மனிதர் இருப்பதை மறப்பது

2017 செப்டம்பரில் ஓர் அலையன்ஸில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அதன் சொத்துகளை எதிரிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பல வருட உழைப்பை ஒரே நாளில் இழந்த தலைவர், சாட்டில் அந்தத் துரோகியின் நிஜ உடலுக்குத் தீங்கு செய்வதாக மிரட்டினார். துரோகத்துக்கு கேமில் தண்டனை இல்லை. அந்த மிரட்டலுக்கு உண்டு. தலைவர் தடை செய்யப்பட்டார். அவருடைய வலி எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லையை அங்கே வைத்தது சரிதான். கோபத்தில் எழுதியதை அனுப்பும் முன் சாட்டை மூடிவிட்டு எழுந்து போகும் பழக்கத்தை முன்கூட்டியே வளர்த்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்த பிறகு அது வராது.

இதற்கு நேர்மாறானதும் இதே சமூகத்தில் நடந்திருக்கிறது. கூன்ஸ்வார்மின் தூதராக எதிரணிகளோடு வருடக்கணக்கில் பேசி வந்தவர் 'வைல் ராட்'. நிஜ வாழ்வில் ஷான் ஸ்மித், அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். செய்தி வந்ததும் பிரபஞ்சம் முழுக்க விண்வெளி நிலையங்களுக்கு அவர் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். அப்படி மாற்றியவர்களில் அவரோடு போரிட்டவர்களும் இருந்தார்கள். சண்டை நடக்கும்போதும் பேச்சை முறிக்காமல் வைத்திருந்த ஒருவர் சம்பாதித்த மரியாதை அது.

உதவியைத் தாமதமாகக் கேட்பது

ஃப்ளீட்டில், அதாவது சண்டைக்குச் சேர்ந்து கிளம்பும் கப்பல் கூட்டத்தில், லாஜி என்று சில கப்பல்கள் இருக்கும். அடிபடும் தோழர்களைப் பழுதுபார்ப்பதே அவற்றின் வேலை. எதிரி உங்களைக் குறிவைத்ததுமே உதவி கேட்கும் பட்டனை அழுத்த வேண்டும். கவசம் பாதி போகட்டும் என்று காத்திருந்தால், லாஜி உங்கள் கப்பலைக் குறித்துப் பிடிக்க (லாக் செய்ய) தேவையான சில விநாடிகளுக்குள் கப்பல் வெடித்துவிடும். புதியவர்கள் 'எல்லோரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே' என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தால் போகும் கப்பல்கள் ஏராளம். மனநெருக்கடியில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்காக இந்தச் சமூகத்தில் உருவான தன்னார்வ முயற்சிக்கும் அந்தப் பட்டனின் பெயரையே வைத்தார்கள்: பிராட்காஸ்ட் ஃபார் ரெப்ஸ், அதாவது பழுதுபார்க்கச் சொல்லி அழைப்பது.

கேட்கத் தயங்குபவர்களில் முதலிடம் குழுவுக்காக அதிகம் உழைப்பவர்களுக்குத்தான். ஃப்ளீட்டை நடத்தும் எஃப்.சி., சரக்கு ஏற்றி இறக்குபவர், புதியவர்களைச் சேர்ப்பவர் எல்லோரும் முகம் சுளிக்காமல் செய்துகொண்டே இருப்பார்கள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகு நன்றி சொல்லி என்ன பயன்? யார் தொடர்ந்து மூன்று வேலை பார்க்கிறார் என்று கவனித்து, அவர் கேட்கும் முன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்கமும் இதில் அடக்கம். ஐரோப்பியர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சண்டைக்குக் கிளம்பும்போது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நள்ளிரவு தாண்டியிருக்கும். 'இன்று ஒருநாள்' என்று விழிப்பவர் வாரம் முழுக்க விழிப்பார். அதனால் நம் பக்கத்தில் இருப்பவர்கள் கார்ப்பைத் தேடும்போது அதன் புகழைப் பார்ப்பதற்கு முன், எந்த நேரத்தில் அவர்கள் கூடுகிறார்கள் என்று பாருங்கள். கிழக்கு ஆஸ்திரேலியர்களின் மாலை நமக்குப் பிற்பகல். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்காரர்களின் இரவு 8 மணி நமக்கு மாலை 5:30. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு பெர்த் நேரமே தங்கள் நேரம். விண்ணப்பத்திலேயே 'இரவு 11 மணிக்கு மேல் இருக்க மாட்டேன், பரீட்சை மாதத்தில் வர மாட்டேன்' என்று எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லும் கார்ப்கள் நிறைய இருக்கின்றன.