பாட்டியின் தாலாட்டு: கேசட்டிலிருந்து கணினிக்கு

1988-இல் அப்பா பதிவுசெய்த 60 நிமிடக் கேசட். போட்டால் குரல் எழும்பவே இல்லை. நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு உள்ளே கழன்று கிடந்தது. ஒட்டிய கூட்டைக் கத்தியால் மெல்லப் பிளந்து, திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் சுருள்களை மாற்றினேன். நாடாவில் விரல் படக்கூடாது, அதுதான் முக்கியம்.

அப்புறமும் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மங்கலாக இருந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில், அதன் சாய்வை மாற்றும் சின்னத் திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பினேன். ஓரிடத்தில் ‘ச’ ஒலி பளிச்சென்று தெளிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஹெட்போன் துளையிலிருந்து கணினியில் ஒலியை உள்வாங்கும் லைன்-இன் துளைக்கு வயர், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (44,100 ஹெர்ட்ஸ்), ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பு. ஒலியளவு உச்சத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். இரைச்சல் நீக்கும் வசதியைப் பயன்படுத்தவில்லை. பாட்டி மூச்சு வாங்குவதும் தொட்டில் கிறீச்சிடுவதும் அதில் மங்கிவிடும்.